வெல்டிங் பட்டறையில் இயற்பியல்

மின்சாரப் பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. வீட்டில் வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். வெல்டிங் செய்பவர் கையில் பிடித்திருக்கும் ஹோல்டரில் இருப்பது 80 வோல்ட்டுக்கும் குறைவு. இவற்றுள் எதைக் கண்டு நாம் மிகவும் அஞ்ச வேண்டும்?

"230 வோல்ட்டைத்தான்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை கூறும். பட்டறைகளிலும் இதே எண்ணம்தான் நிலவுகிறது. "ராடில் வருவது சின்னக் கரண்டு, சும்மா சுருக்கென்று இருக்கும், வேறொன்றும் செய்யாது" என்று அனுபவசாலிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் 'சின்னக் கரண்டு' மழைக்காலத்திலும் வியர்வை பெருகும் கோடையிலும் உயிரைப் பறித்துவிடக் கூடியது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, பள்ளியிலேயே படித்த ஓமின் விதியும் மின்மாற்றித் தத்துவமும் போதும்.

இன்று சன்னல் கம்பி முதல் டிராக்டர் டிரெய்லர் வரை எதைச் செய்வதானாலும் வெல்டிங் இன்றி முடியாது. திருச்சியில் 1975ஆம் ஆண்டு முதலே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரிகளும் விதிமுறைகளும் உண்டு. கடைத்தெருப் பட்டறையில் அவ்வளவையும் கவனிக்க வேண்டியவர் பட்டறைக்காரர் ஒருவரே. அவருக்கும், அவரிடம் தொழில் பழகும் இளைஞருக்கும், அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கும் பயன்படும் செய்திகள் சிலவற்றை இங்கே காண்போம்.

மின்வில் என்பது என்ன?

மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும் இரண்டு கடத்திகளைத் தொடவைத்துச் சற்றே விலக்கினால், இடையிலுள்ள காற்று சூடேறி அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. இதுவே மின்வில். இரஷ்ய அறிஞர் பெத்ரோவ் 1802இல் பெரிய மின்கல அடுக்கு ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவியும் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டினார். 1880களில் பெனார்தோஸ் என்பவர் கரித்துண்டை மின்வாயாகக் கொண்டு உலோகங்களை ஒட்டவைத்தார். 1888இல் ஸ்லாவியானவ் கரித்துண்டுக்குப் பதிலாக உலோகக் கம்பியையே பயன்படுத்தினார். அந்தக் கம்பி தானே உருகி இணைப்பை நிரப்பியது. அதன்மேல் மேற்பூச்சு இடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு ஆஸ்கர் கெல்பெர்க் உருவாக்கினார். இன்று நாம் 'வெல்டிங் ராடு' என்று அழைப்பது அதன் வழிவந்ததே. மேற்பூச்சு எரிந்து வெளிவிடும் வாயு, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. எஞ்சியது கசடாக மேலே படிந்து, இணைப்பு மெல்ல ஆற உதவுகிறது.

இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. மின்வில்லின் வெப்பநிலையோ 5000 டிகிரிக்கும் மேற்பட்டது. ஆகவே இரும்பு நொடியில் உருகுவதில் வியப்பில்லை.

பொறிக்குள் நடப்பது

பழைய வகை வெல்டிங் பொறியின் உள்ளே இருப்பது ஒரு மின்மாற்றி. மின்வாரிய இணைப்பின் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும். முதன்மைச் சுருளில் 5 சுற்றுக்கு ஒன்று வீதம் துணைச்சுருளில் சுற்றினால் 80 வோல்ட் கிடைக்கும். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது, மின்னோட்டம் ஐந்து மடங்காகக் கிடைக்கிறது. ராடில் 150 ஆம்பியர் வேண்டுமானால் மின்வாரியக் கம்பியிலிருந்து சுமார் 30 ஆம்பியர் எடுக்க வேண்டியிருக்கும்.

வில் எரியும்போது ராடுக்கும் இரும்புக்கும் இடையே 80 வோல்ட் இராது. ஒருமுறை மாணவர்களை அருகிலுள்ள பட்டறைக்கு அழைத்துச் சென்று வோல்ட்மானியை இணைத்துக் காட்டினேன். பொறி சும்மா ஓடும்போது 76 வோல்ட் காட்டிய முள், வில் பற்றியவுடன் 25க்கு இறங்கியது. எஞ்சிய அழுத்தம் எங்கே போயிற்று என்று மாணவர்கள் கேட்டார்கள். பொறியிலுள்ள மின்மறுப்பு அதைத் தாங்கிக்கொள்கிறது. பட்டறைக்காரர் கைப்பிடியைச் சுற்றும்போது மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் நகர்கிறது. அதனால் இந்த மறுப்பு கூடிக் குறைகிறது. மின்னோட்டமும் அதற்கேற்ப மாறுகிறது.

வில்லில் செலவாகும் திறனைக் கணக்கிடுவோம். 26 வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 3900 வாட். ஆனால் மின்வாரியக் கம்பியிலோ 400 வோல்ட்டும் 30 ஆம்பியரும், அதாவது 12,000 வோல்ட்-ஆம்பியர். திறன்காரணி மிகக் குறைவு என்பதையே இது காட்டுகிறது. பக்கத்து வீட்டு விளக்குகள் வெல்டிங் அடிக்கும்போது மங்குவதற்குக் காரணமும் இதுவே. ஏற்ற மின்தேக்கியை இணைத்தால் இது சீர்படும்.

இப்போது கையில் தூக்கிச் செல்லக்கூடிய இன்வர்ட்டர் பொறிகள் வந்துவிட்டன. இவை மாறுமின்னோட்டத்தை நேராக்கி, பின்னர் நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் மின்னோட்டமாக்குகின்றன. அதிர்வெண் கூடினால் மின்மாற்றி சிறியதாக இருந்தாலே போதும். பொறி சிறியது என்பதால் மின்சாரத் தேவையும் சிறியது என்று எண்ணி, வீட்டுப் பிளக்கில் செருகிவிடுகிறார்கள். அதே 3900 வாட்டுக்கு, பொறியின் இழப்பையும் சேர்த்தால், 230 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. பிளக்கும் சுவருக்குள்ளிருக்கும் கம்பியும் மெல்லச் சூடேறிக் கருகும்.

பொறியை நிறுவும்போது

பொறியை ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில், தரையிலிருந்து சற்று உயரமான மேடையில் வைக்க வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் வெப்பம் வெளியேறாது. அரைக்கும் கல்லிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் பொறிக்குள் சென்று படிந்தால், சுருள்களின் காப்பு பழுதாகும். எண்ணெயில் குளிரும் பொறியானால் எண்ணெய் மட்டத்தையும் கசிவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பொறிக்கும் தனியே ஒரு மெயின் சுவிட்ச் இருத்தல் வேண்டும். அது பொறிக்கு அருகிலேயே, கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். விபத்து நேரும்போது அறையின் மறுகோடிக்கு ஓடிச் சென்று சுவிட்சைத் தேட நேரமிராது. ஃபியூஸ் எரிந்தால் அதே தடிமனுள்ள கம்பியையே மீண்டும் போட வேண்டும். தடித்த கம்பியைப் போட்டால் ஃபியூஸ் எரியாது. அதற்குப் பதிலாகப் பட்டறை எரியும்.

பொறியின் இரும்பு உடலை நிலத்துடன் இணைப்பது மிகவும் இன்றியமையாதது. உள்ளே முதன்மைச் சுருளின் காப்பு பழுதாகி உடலைத் தொட்டால், உடல் முழுவதும் மின்வாரிய அழுத்தத்துக்கு உயர்ந்துவிடும். நில இணைப்பு சரியாக இருந்தால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் எரிந்துவிடும். இத்தகைய மூன்று ஃபேஸ் பொறிகளின் உடலை இரண்டு தனித்தனிக் கம்பிகளால் நிலத்துடன் இணைக்க வேண்டும் என்று நம் நாட்டு மின்சார விதிகள் கூறுகின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும். நெடுநாள் ஓடாமல் கிடந்த பொறியையும், மழைநீர் புகுந்த பொறியையும் மின்பணியாளரைக் கொண்டு மெகர் கருவியால் சோதித்த பின்பே இயக்க வேண்டும்.

'எர்த்' என்ற ஒரு சொல், இரண்டு கம்பிகள்

பட்டறைகளில் பெருங்குழப்பம் விளைவிப்பது 'எர்த்' என்னும் சொல். பொறியிலிருந்து இரண்டு தடித்த கேபிள்கள் புறப்படுகின்றன. ஒன்று ஹோல்டருக்குச் செல்கிறது. மற்றொன்று, இணைக்க வேண்டிய இரும்பில் கிளாம்ப் கொண்டு கடிக்க வைக்கப்படுகிறது. இந்த இரண்டாவது கேபிளை எல்லோரும் 'எர்த்' என்றே அழைக்கிறார்கள். உண்மையில் இது நில இணைப்பு அன்று. ராடு வழியாகச் சென்ற 150 ஆம்பியரும் பொறிக்குத் திரும்பி வரும் பாதை இது. 'திரும்பு கேபிள்' என்பதே இதற்குப் பொருத்தமான பெயர். பொறியின் உடலிலிருந்து நிலத்துக்குச் செல்லும் கம்பியே உண்மையான எர்த். அதில் வழக்கமாக மின்னோட்டமே பாயக் கூடாது.

பெயர்க் குழப்பம் செயல் குழப்பமாகவும் மாறுகிறது. "எர்த்தானே, எங்கே கொடுத்தால் என்ன" என்று கிளாம்பைக் கொண்டுபோய்ப் பட்டறைத் தூணிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டிவிடுகிறார்கள். மின்னோட்டம் நாம் விரும்பும் பாதையைக் கேட்டுச் செல்வதில்லை. கிடைக்கும் வழிகள் எல்லாவற்றிலும், தடைக்கு ஏற்றபடி பங்கிட்டுக்கொண்டு பாய்கிறது. இரும்பு, பக்கத்திலுள்ள துளையிடும் பொறியின்மேல் சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். 150 ஆம்பியரில் பெரும்பகுதி அந்தப் பொறியின் மெல்லிய எர்த் கம்பி வழியாகத் திரும்ப முயலும். கம்பி சூடேறி உருகி அறுந்துவிடும். அன்று ஒன்றும் தெரியாது. துளையிடும் பொறி வழக்கம்போல ஓடும். என்றோ ஒருநாள் அதன் மோட்டாரில் காப்பு பழுதாகும்போது, அதைத் தொடுபவரைக் காக்க எர்த் இராது. ஒருவர் தவறாக மாட்டிய கிளாம்ப், பல மாதம் கழித்து வேறொருவரைக் கொல்லக்கூடும்.

லாரி, டிராக்டர் போன்றவற்றில் வெல்டிங் செய்யும்போதும் இதே தொல்லை உண்டு. கிளாம்ப் தொலைவில் இருந்தால் மின்னோட்டம் சக்கரத்தின் பேரிங் வழியாகப் பாய்ந்து, குண்டுகளில் பள்ளம் விழச் செய்துவிடும். ஆகவே விதி எளியது: வெல்டிங் செய்யும் இரும்பிலேயே, இணைப்புக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், துருவும் பெயின்டும் நீக்கிய இடத்தில் கிளாம்பை மாட்ட வேண்டும்.

80 வோல்ட் என்ன செய்யும்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மனிதனைத் தாக்குவது உடலில் பாயும் மின்னோட்டம். அழுத்தம் அதற்குக் காரணமாகும் ஒரு கூறு மட்டுமே. வீட்டில் வரும் 50 சுழற்சி மாறுமின்னோட்டத்தில் சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் கைத்தசைகள் இறுகிக்கொள்ளும். பிடித்த பொருளை விடவே முடியாது. 50 மில்லி ஆம்பியர் மார்பின் வழியே ஒரு நொடிக்கு மேல் பாய்ந்தால் இதயத்தின் சீரான துடிப்பு குலைந்து உயிர் போகலாம்.

உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். 8000 ஓம் என்று கொண்டால், 80 வோல்ட்டில் பாய்வது 10 மில்லி ஆம்பியர். பட்டறைக்காரர் சொல்லும் 'சுருக்' இதுதான். வியர்வையிலோ மழையிலோ நனைந்த உடலின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது பாய்வது 80 மில்லி ஆம்பியர். நூறு முறை சுருக்கென்று தீண்டி விட்டுவிட்ட அதே பொறி, நூற்றோராவது முறை ஏன் கொல்கிறது என்பதற்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கே விடை. பொறி மாறவில்லை. தோல் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வில் எரியும்போது அழுத்தம் 25 வோல்ட் அளவே. வில் அணைந்திருக்கும்போதுதான் முழு 80 வோல்ட்டும் ஹோல்டரில் நிற்கிறது. ஆகவே வெல்டிங் செய்யும் நேரத்தைவிட, தீர்ந்த ராடை எடுத்துவிட்டுப் புது ராடை மாட்டும் அந்தச் சில நொடிகளே ஆபத்தானவை. ஈரக் கையுறையோடு, இரும்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ராடு மாற்றுவது மிகவும் தவறு. ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்வது அதனினும் தவறு, ஏனெனில் மின்னோட்டம் நேரே மார்பின் வழியே பாயும். உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடியுள்ள காலணி, உட்காருவதற்கு உலர்ந்த மரப்பலகை, இம்மூன்றும் மின்சுற்றில் தடையைக் கூட்டும் எளிய சாதனங்கள்.

தண்ணீர்த் தொட்டி, கொதிகலன் போன்ற இரும்புக் கூடுகளுக்குள் வேலை செய்பவரைச் சுற்றிலும் இரும்பு. எங்கு சாய்ந்தாலும் சுற்று நிறைவுபெறும். இத்தகைய இடங்களில் மாறுமின்னோட்டப் பொறியின் வெற்றோட்ட அழுத்தம் 48 வோல்ட்டுக்கு மேற்படக் கூடாது என்று பன்னாட்டுத் தரவிதி வரையறுக்கிறது. நேர்மின்னோட்டப் பொறியைப் பயன்படுத்துவதும், வில் அணைந்தவுடன் அழுத்தத்தைத் தானே தாழ்த்திவிடும் சாதனம் பொருத்திய பொறியைப் பயன்படுத்துவதும் நல்லது. வெளியே ஒருவர் சுவிட்சின் அருகில் காவல் நிற்க வேண்டும்.

"எங்கள் பட்டறையில் கசிவு மின்னோட்டத்தைக் கண்டு தானே அணையும் சுவிட்ச் பொருத்தியிருக்கிறோம், ஆகவே பயமில்லை" என்று சிலர் கூறுவர். அந்தச் சுவிட்ச் மிகவும் நல்லதே. ஆனால் அது காப்பது மின்மாற்றியின் முதன்மைப் பக்கத்தை மட்டும். துணைச்சுருள் முதன்மைச் சுருளோடு கம்பியால் இணைக்கப்படவில்லை. இரண்டுக்கும் இடையே காந்தப்புலம் மட்டுமே பாலம். ராடிலிருந்து உங்கள் உடல் வழியே பாயும் மின்னோட்டம் துணைச்சுருளுக்கே திரும்பிவிடுகிறது. சுவிட்சின் கண்ணில், உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாகவே இருக்கும். ஆகவே அது அணையாது.

ஒரே இரும்பில் இரண்டு பேர் இரண்டு பொறிகளைக் கொண்டு வேலை செய்தால் இன்னும் கவனம் வேண்டும். இணைப்பு முனைகள் மாறியிருந்தால் இரண்டு ஹோல்டர்களுக்கும் இடையே 160 வோல்ட் வரை இருக்கலாம். ஒருவர் இரண்டு ஹோல்டர்களையும் ஒருசேரத் தொடவே கூடாது.

யாரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் முதலில் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே மார்பழுத்த முதலுதவியைத் தொடங்கி, மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

கேபிளும் இணைப்பும்

செம்புக் கேபிளின் தடை மிகச் சிறியது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 35 சதுர மி.மீ. குறுக்குப் பரப்புள்ள கேபிளைப் போக 30 மீட்டர், வர 30 மீட்டர் எனப் பயன்படுத்தினால் மொத்தத் தடை 0.03 ஓம். 150 ஆம்பியர் பாயும்போது வெப்பமாக வீணாகும் திறன் 675 வாட். மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் இந்த எண் வரும்.

நீண்ட கேபிளில் பரவுவதால் இந்த வெப்பம் அதிகத் தீங்கு செய்யாது. தளர்ந்த இணைப்பு அப்படியன்று. கேபிள் முனையிலுள்ள லக் தளர்ந்து அங்கு மட்டும் 0.01 ஓம் தடை இருந்தாலே 225 வாட் வெப்பம் கட்டைவிரல் அளவு இடத்தில் தோன்றும். ரேடியோ பழுது பார்ப்பவரின் 25 வாட் பற்றாசுக்கோல் ஒன்பதை அந்த இடத்தில் ஒருங்கே வைத்ததற்கு அது ஒப்பாகும். பொறியின் முனையில் கை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால், பொறியை அணைத்துவிட்டு உடனே முடுக்குங்கள். கேபிளுக்குப் பதிலாகக் கட்டுமானக் கம்பிகளை ஒன்றோடொன்று தொடவைத்துத் திரும்பு பாதையாக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு தொடுமுனையும் தீப்பொறி கக்கும் அடுப்பாகும்.

கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு வேலை செய்வோரும் உண்டு. 150 ஆம்பியர் பாயும் கம்பியிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் காந்தப்புலம், புவியின் காந்தப்புலத்தைப் போல் பத்து மடங்குக்கு மேலாக இருக்கும். இதயத்தில் மின்முடுக்கி பொருத்தப்பட்டவர்கள் மருத்துவரைக் கேளாமல் வெல்டிங் செய்யுமிடத்தை நெருங்கலாகாது.

பொறிக்கும் ஓய்வு வேண்டும்

பொறியின் பெயர்த்தகட்டில் '300 ஆம்பியர், 60 விழுக்காடு' என்பதுபோல் எழுதியிருக்கும். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 300 ஆம்பியரில் வேலை செய்யலாம், நான்கு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். இடைவிடாமல் ஓட வேண்டுமானால் எத்தனை ஆம்பியர்? வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உண்டாவதால், 300ஐ 0.6இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். விடை சுமார் 230 ஆம்பியர். இந்த அளவுகள் சுற்றுப்புறம் 40 டிகிரி என்று கொண்டு குறிக்கப்படுபவை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் அதற்கும் மேல் வெப்பம் இருக்கும். அப்போது ஓய்வை இன்னும் கூட்டுவது அறிவுடைமை.

கண்ணைக் காக்கும் கண்ணாடி

மின்வில்லிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு புறஊதாக் கதிர்களும் ஏராளமாக வெளிவருகின்றன. இவற்றை விழியின் முன்படலம் உறிஞ்சிக்கொள்கிறது. உடனே வலிக்காது. தாக்குண்ட உயிரணுக்கள் மெல்ல மெல்லவே அழிகின்றன. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரிச்சலும் நீர்வடிதலும் தோன்றும். இதற்குத் தாய்ப்பால் விடுவதும், உருளைக்கிழங்குச் சீவலை வைப்பதும் தீங்கானவை. புண்பட்ட விழியில் கிருமி புகுந்தால் பார்வையே போகலாம். கண் மருத்துவரிடம் செல்வதே முறை. வலி தெரியாமலிருக்க மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கித் தாமாகவே விட்டுக்கொள்வதும் கூடாது.

வெல்டிங் முகமூடியின் கறுப்புக் கண்ணாடியில் ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். 150 ஆம்பியர் அளவிலான வேலைக்கு 10 அல்லது 11ஆம் எண் கண்ணாடி தேவை. 10ஆம் எண் கண்ணாடி தன்மேல் விழும் கண்புலப்படும் ஒளியில் ஏறத்தாழ 7000இல் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகிறது. வெயிலுக்கு அணியும் குளிர்கண்ணாடி இதற்குப் போதவே போதாது.

முகமூடி வெல்டருக்கு உண்டு. இரும்பைப் பிடித்துக்கொள்ளும் உதவியாளருக்கு? "நான் கண்ணை மூடிக்கொள்வேன் சார்" என்று அப்பட்டறையில் இருந்த இளைஞர் சொன்னார். வில் பற்றிய பின்பே கண் மூடும். ஒரு நாளில் நூறு முறை பற்றவைத்தால் நூறு மின்னல்கள் கண்ணில் விழுந்துவிடும். இமையின் மெல்லிய தோலும் கதிரால் வெந்து போகும். உதவியாளருக்கும் ஒரு முகமூடி வாங்கித் தருவது பட்டறைக்காரரின் கடமை. தெருவில் செல்வோருக்காக ஒரு தடுப்புத் திரையும் வேண்டும். திரையில்லாத இடத்தில் விலகி நிற்பதே வழி. ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்கு விலகினால் கதிரின் செறிவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும்.

புகையும் தீயும்

வெல்டிங் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கில் கட்டும் துண்டு இவற்றைத் தடுக்காது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது. நாகம் பூசிய குழாயில் வெல்டிங் செய்யும்போது, நாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. அந்த வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். பால் குடித்தால் இது வராது என்று நம்புகிறார்கள். பால் செல்வது இரைப்பைக்கு, புகை செல்வது நுரையீரலுக்கு. இணைப்பைச் சுற்றியுள்ள நாகப் பூச்சை முன்னதாகவே நீக்கிவிடுவதும், புகை முகத்துக்கு வராதபடி காற்று வரும் பக்கம் அறிந்து நிற்பதும், உறிஞ்சு விசிறி வைப்பதும், துகள் வடிக்கும் முகக்கவசம் அணிவதுமே வழிகள்.

உருகிய இரும்புத் துளிகள் பத்து மீட்டர் வரையிலும் தெறித்து ஓடும். இடுக்குகளில் விழுந்து கனன்றுகொண்டேயிருந்து, ஆட்கள் வீடு சென்றபின் பற்றி எரியும். செருமனியின் டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11ஆம் நாள், மேலே சாலையில் நடந்த வெல்டிங்கின் பொறி கீழே கூரையிலிருந்த வெப்பக்காப்புப் பொருளைப் பற்றவைத்து 17 பேரைப் பலிகொண்டது. ஆகவே எரியக்கூடிய பொருள்களை அகற்றிய பின்பே தொடங்க வேண்டும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது ஒருவர் காவலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலி டிரம் நிறைந்த டிரம்மைவிடக் கொடியது. பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரை விழுக்காடு கலந்தாலே வெடிக்கும் கலவையாகிவிடும். 200 லிட்டர் டிரம்மில் இதற்குத் தேவையான பெட்ரோல் மூன்று நான்கு தேக்கரண்டி மட்டுமே. பெட்ரோல், டீசல், தின்னர் இருந்த கலங்களை, முறையாகத் தூய்மை செய்து, ஆவி இல்லை என்று தெரிந்தவர் சோதித்துச் சொன்னாலன்றித் தொடவே கூடாது.

தொடங்குமுன் ஒரு நிமிடம்

நாள்தோறும் சுவிட்சைப் போடுமுன் ஒரு நிமிடம் செலவிட்டால் போதும். பொறியின் எர்த் கம்பிகள் இரண்டும் இருக்கின்றனவா? கேபிளில் வெடிப்பு உண்டா? முனைகள் இறுக்கமாக உள்ளனவா? கிளாம்ப் வேலை செய்யும் இரும்பிலேயே இருக்கிறதா? கையுறை உலர்ந்திருக்கிறதா? சுற்றிலும் எரியும் பொருள் இல்லையே? உதவியாளருக்கு முகமூடி இருக்கிறதா?

இக்கேள்விகளுள் எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. இதைப் படிக்கும் மாணவர்களுள் பலருக்குத் தந்தையோ அண்ணனோ இத்தொழிலில் இருக்கக்கூடும். ஓமின் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நாம், 80ஐ 1000ஆல் வகுக்கும் அந்த ஒரு கணக்கை அவர்களிடமும் போட்டுக் காட்டுவோம். மழைநாளில் ஈரக் கையுறையைக் கழற்றி மாற்ற அது ஒருவரைத் தூண்டினால், படித்த படிப்பு பயன்பட்டது என்று கொள்ளலாம்.